துருவாசர் கெடுத்த ஒரே சாமான்

உலகத்தில் இதுவரை நடந்த போர்கள், பஞ்சங்கள், கவிழ்ந்துபோன ராஜ்யங்கள், எங்கள் மாமா கல்யாணத்தில் ஜெனரேட்டர் நின்று மாப்பிள்ளை இருட்டில் வேறு யாருடைய கையையோ பிடித்தது, இவை எல்லாவற்றுக்கும் துருதான் காரணம் என்று மனதார நம்பிய மனிதர் ஒருவரைத்தான் நான் என் ஆயுளில் சந்தித்திருக்கிறேன். அவருடைய நிஜப் பெயர் ஃபேக்டரியின் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி மெஸ் சமையற்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் துருவாசர். கோபத்தை முனிவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, துருவை அவரே சேர்த்துக்கொண்டார் என்று வையுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூரில் எங்கள் தெருவில் முதன்முதலாகக் கெமிஸ்ட்ரி படித்தவன் என்ற மிதப்போடு, அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஃபேக்டரியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம் புரொபேஷன். அந்த இரண்டு வருடமும் மேனேஜர் தும்மினால்கூட நான்தான் காரணமோ என்று பயந்துகொண்டிருந்த ஜாதி நான். பேச்சிலர் குவார்ட்டர்ஸில் எனக்கு ஏழாம் நம்பர் அறை. எட்டாம் நம்பரில் துருவாசர். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர், ஃபேக்டரியில் உருள்வது, சுழல்வது, ஆடுவது எல்லாவற்றுக்கும் கிரீஸும் ஆயிலும் போடும் செக்‌ஷனின் சார்ஜ்ஹேண்ட், அதாவது மேஸ்திரி.

முதல் நாள் நான் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பூட்டு கிறீச்சிட்டது. அடுத்த நிமிஷம் கதவு தட்டாமல் ஓர் உருவம் உள்ளே வந்தது. இடது கையில் மூடிபோட்ட டப்பா, வலது கையில் ஒரு காக்கா இறகு.

"யாரு அது அழுவறது?" என்றார்.

"யாரும் அழலையே சார்."

"பூட்டு அழுவுது. காது கேக்கல? தள்ளு."

டப்பாவைத் திறந்து இறகு நுனியால் தொட்டு, குழந்தைக்குக் காது மருந்து விடுகிற பதவிசில் பூட்டின் துவாரத்தில் விட்டார். சாவியைப் போட்டு மூன்று முறை திருப்பினார். சத்தமே இல்லை. "கோழி எறகு ஆவாது தம்பி. நான் சைவம். இது காக்கா தானா உதுத்தது, பாவம் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் யார், எந்த ஊர் என்று அவர் கேட்டது அதற்குப் பத்து நாள் கழித்துத்தான்.

மெஸ் கிணற்றின் கப்பிக்கு அவர் கிரீஸ் போட்ட வாரம், சாம்பாரின் மேல் வானவில் தெரிந்தது. நாங்கள் கத்தினோம். அவர் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "அளவு கொஞ்சம் கூடிப்போச்சு. ஆனா தண்ணி எறைக்க இப்ப எவ்ளோ லேசா இருக்குன்னு கேளு" என்றார். சமையற்காரரின் சைக்கிள் சக்கரங்களுக்கு வைத்தியம் செய்தார். அந்த மனிதர் ரயில்வே கேட் மூடியிருந்ததைத் தூரத்திலேயே பார்த்து பிரேக்கைப் பிடித்தும், கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றார். அதற்கும் பதில் வைத்திருந்தார். "நிக்கறது பிரேக்கோட வேலை. நான் வைத்தியம் பாத்தது ஓடறதுக்கு."

குவார்ட்டர்ஸ் இரும்புக் கேட் விஷயத்தில்தான் நாங்கள் அவரை ஊரைவிட்டே துரத்தப் பார்த்தோம். அந்தக் கேட் திறந்தால் போடுகிற ஓலம் அரியலூர் ஸ்டேஷன் வரை கேட்கும். வார்டன் வருகிறார் என்பதற்கு எங்களுக்கு இருந்த ஒரே முன்னறிவிப்பு அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துருவாசர் அதற்கு மோட்சம் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு சீட்டாடிக்கொண்டிருந்த ஏழு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டோம். திட்டப்போன எங்களிடம், "கேட்டு அழுதுட்டே இருக்கட்டும், நீங்க சந்தோஷமா சீட்டு ஆடுவீங்க, அப்படித்தானே?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கடல் எங்கேயோ இருக்க, மழையே விருந்தாளி மாதிரி வந்துபோகும் அரியலூரில் துருவுக்கு என்ன இத்தனை பயம் என்று ஒருநாள் கேட்டேன்.

"இரும்புக்கு எதிரி ரெண்டு தம்பி. ஒண்ணு உப்பு, ஒண்ணு தூசி. உப்பு வெளியிலேருந்து திங்கும். தூசி கிரீஸோட கூட்டு சேந்து உள்ளேருந்து திங்கும். இங்க உப்பு கெடையாது. ஆனா தூசிக்கு நம்ம ஃபேக்டரிதான் தாய் வூடு" என்றார்.

அது நிஜம். அந்த நாளில் எங்கள் சட்டை, தலை, டீ, அதில் முக்கும் பன் எல்லாவற்றிலும் சிமெண்ட் தூசி இருந்தது. ஃபேக்டரியின் கிரீஸ் டிரம்களோ யார்டில் மூடிகூட இல்லாமல் வெட்டவெளியில் நின்றன. ஒரு கூரை போடுங்கள், ஒரு மூடி கொடுங்கள் என்று துருவாசர் பத்து வருடமாக எழுதிப்போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்களை எல்லாம் அவர் தேதிவாரியாக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். காகிதத்துக்குத் துருப்பிடிக்காதே என்றேன். குண்டூசிக்குப் பிடிக்குமே என்றார்.

அவருடைய சொந்த கிரீஸ் டப்பா மட்டும் தனி. திருச்சியில் ஒரு கடையிலிருந்து வாங்கி வருவார். தேன் நிறம். வாயைத் துணியால் கட்டி, மேலே மூடி போட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்திருப்பார். எங்கள் பூட்டு, கப்பி, கேட் எல்லாம் அனுபவித்தது அந்தத் தேனைத்தான்.

இப்போது மேனேஜர் வருகிறார். மெட்ராஸ்காரர். ஃபேக்டரியின் பெரிய சூளையை நிறுவ வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், ஊருக்குத் திரும்பும்போது தன் தூண்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் தூண்டிலில் ஒரு ரீல். கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு தானாகச் சுற்றிக்கொள்ளும். மூங்கில் கழியில் நரம்பைக் கட்டி மீன் பிடிக்கும் எங்கள் ஊரில் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். மேனேஜர் ஞாயிறுதோறும் ஜீப்பில் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை ஃபேக்டரி எப்படி இருக்கும் என்பது ஞாயிற்றுக்கிழமை மீன் கடித்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. நாங்கள் எல்லாம் மீன்களின் நலனுக்கு எதிராகவே வேண்டிக்கொள்வோம்.

ஒரு தடவை லீவில் குடும்பத்தோடு தரங்கம்பாடிக்குப் போனவர், ஆசைப்பட்டுக் கடலிலும் தூண்டில் போட்டுவிட்டார். திரும்பி வந்து ரீலை அப்படியே பையில் வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் கைப்பிடி அசையவில்லை. உப்பு உள்ளே புகுந்து ஸ்பிரிங், ஸ்குரூ, தண்டு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. விஷயம் துருவாசர் காதுக்கு எட்டியதும், கூப்பிடாமலே மேனேஜர் அறைக்குப் போய், இரண்டு கைகளிலும் ரீலை ஏந்திக்கொண்டு வந்தார்.

வந்ததும் முதல் வேலையாக முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது. "மீன் வாடை!" என்று மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"துருவ எடுக்கறது அப்பறம். மொதல்ல உப்ப எடுக்கணும்" என்று நல்ல தண்ணீரில் ஊறப்போட்டார். தண்ணீரை மாற்றினார். மறுபடி மாற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தத் தண்ணீரில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"அண்ணே, லேபுல உப்புக்கு டெஸ்ட் இருக்கு. ரெண்டு சொட்டு விட்டா தெரிஞ்சிடும்."

"நாக்கு எதுக்கு இருக்கு? நான் சைவம், ஆவாது. நீ கவிச்சி திங்கறவன்தானே, பாரு."

மூன்று நாள் அந்தத் தண்ணீரைச் சுவைத்த பிறகு உப்பு போய்விட்டது என்று சான்றிதழ் கொடுத்தேன். என் படிப்பு அந்த ஃபேக்டரிக்கு உருப்படியாகப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அது. பிறகு ரீலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். பித்தளைப் பல்சக்கரத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். எஃகுச் சாமான்களை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டு நட்டுகளை முக்குகிற ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்து, பாஸ்பேட் கரைசலில் கொதிக்கவிட்டார். கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று அவற்றின் மேல் படிந்தது. "ரீல் முழுசையும் முக்கிட வேண்டியதுதானே?" என்று கேட்ட ஒரு ஃபிட்டர் அன்று வாங்கிக்கட்டிக்கொண்டதை நான் எழுதினால் பத்திரிகை போடாது. "ஒடம்பு அலுமினியம்டா! ஆசிட்ல போட்டா நாளைக்கு சார் கையில நரம்பு மட்டுந்தான் இருக்கும்" என்பது மட்டும் அச்சில் வரக்கூடிய பகுதி.

கடைசியில் அந்தத் தேன் நிற கிரீஸை இறகால் தொட்டுத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் பூசினார். கைப்பிடியை ஒரு சுண்டு சுண்டினார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். மேனேஜர் அதை வாங்கிச் சுற்றிப் பார்த்து, "புதுசுல கூட இப்படி இல்லைய்யா" என்றார். அன்றிலிருந்து மாதாமாதம் ஒரு சனிக்கிழமை ரீல் துருவாசரின் அறைக்கு வந்து எண்ணெய் ஸ்நானம் முடித்துப் போகும்.

இதுவரை சிரிப்பு. இனிமேலும் சிரிப்புதான், ஆனால் நடுவில் செல்லமுத்து இருக்கிறார்.

செல்லமுத்து துருவாசரின் செக்‌ஷனில் கிரீஸ் போடுகிறவர். நாற்பது வயது இருக்கும். மூன்று பெண்கள். பதினோரு வருடம், ஆள் வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கும் பதிலியாக இருந்து, நிரந்தரம் ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம். சூளைக்குக் காற்று ஊதும் பெரிய விசிறியின் பேரிங் ஒருநாள் வெந்து, அரைபட்டு, நின்றது. அதோடு ஃபேக்டரியும் இரண்டு நாள் நின்றது. யார்மேலாவது பழி விழவேண்டும். அது கனமான பொருள், எப்போதும் கீழே இருப்பவர் தலையில்தான் விழும். கிரீஸ் சரியாகப் போடவில்லை என்று செல்லமுத்துவைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

மறுநாள் துருவாசர் ஒரு கொட்டாங்கச்சியில் யார்டு டிரம் கிரீஸை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார். "இதுல எவ்ளோ மண்ணு இருக்குன்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடு தம்பி."

பார்த்தேன். பெட்ரோலில் கரைத்து வடிகட்டினேன். வடிதாளில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு தங்கியது. அது கிரீஸே இல்லை, கத்திக்குச் சாணை பிடிக்கிற பசை. எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். போட்ட பிறகுதான் அது யாருக்கு எதிரான காகிதம் என்பது உறைத்தது. டிரம்முக்கு மூடி கொடுக்காதது மேனேஜர். என் புரொபேஷனுக்குக் கையெழுத்துப் போடவேண்டியதும் மேனேஜர். காகிதத்தை டிராயரில் பழைய காலண்டருக்கு அடியில் வைத்தேன்.

"ரிசல்ட்டு வந்துச்சா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே. நாளாவும்."

நான்கு நாள் கேட்டார். ஐந்தாம் நாளிலிருந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் பேசுவதை எழுத என்னையே உட்காரவைத்தார்கள். செல்லமுத்து சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு நின்றார்.

"கிரீஸ் போட்டியா இல்லையா?"

"போட்டேங்க சார். டூட்டிக்கு வந்ததும் மொத வேலையே அதாங்க."

"போட்டா எப்படிய்யா பேரிங் வேகும்?"

துருவாசர் குறுக்கே வந்தார். "கிரீஸே கெட்டது சார். டிரம்மு தொறந்து கெடக்கு. தூசி பூரா அதுலதான் எறங்குது. அத யாரு போட்டாலும் வேவும். நீங்க போட்டாலும் வேவும்."

மேனேஜர் சிரித்தார். மேஜை டிராயரைத் திறந்து ரீலை எடுத்து வைத்துக் கைப்பிடியைச் சுண்டினார். அது துரோகி மாதிரி வழுவழுவென்று சுற்றியது.

"இதுக்கு மாசாமாசம் கிரீஸ் போடறது யாரு? நீங்கதானே? நம்ம ஃபேக்டரி கிரீஸ்தானே? எவ்வளவு ஜோரா ஓடுது பாருங்க. கிரீஸ்ல கோளாறு இல்லை. கையில கோளாறு."

துருவாசர் சுற்றிக்கொண்டிருந்த ரீலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த முடிவு என்ன என்பது அறையிலிருந்த மின்விசிறிக்குக்கூடத் தெரியும்.

கேட்டுக்கு வெளியே செல்லமுத்து எங்களுக்காகக் காத்திருந்தார். "எங்கப்பன் அடுத்தவன் களத்துல நின்னே செத்தாரு சார். எங்க தெருவுல இந்த கேட்டுக்குள்ள வந்த மொத ஆளு நான். மறுபடியும் என்னய அங்கயே போயி நிக்கச் சொல்றாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஏன் என்னைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை. நான் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டேன்.

திரும்பும் வழியில், "அது யார்டு கிரீஸ் இல்ல, என் சொந்த டப்பான்னு சொல்லியிருக்கலாமேண்ணே?" என்றேன்.

"சொன்னா நம்புவாரா? ஆளக் காப்பாத்த அண்டப்புளுகு புளுவறான்னு நீ எழுதியிருப்ப, அழகா. வாயால சொல்லிப் பத்து வருஷம் ஆச்சு தம்பி. அவரு கையால சுத்திப் பாக்கட்டும்."

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் விளங்கியது. ரீல் வந்திருந்தது. துருவாசர் வழக்கம்போல் அதைப் பிரித்து வேட்டியின் மேல் பரப்பி வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த மரப்பெட்டியைத் தொடவில்லை. பக்கத்தில் கொட்டாங்கச்சி இருந்தது. அதில் யார்டு கிரீஸ்.

அரைமணி நேரம் அதையும் ரீலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறகைத் தொடுவார், எடுப்பார், வைப்பார்.

"முப்பது வருஷத்துல ஒரு சாமானக்கூட நான் கெடுத்ததில்ல தம்பி" என்றார்.

"வேணாம்ணே. தெரிஞ்சா உங்களையும் அனுப்பிடுவாரு."

"அது தெரியும். இது என்னா பாவம் பண்ணுச்சு? எந்த ஊர்லயோ பொறந்து, இங்க வந்து, என்னய நம்பி மடியில கெடக்கு."

கண்ணை மூடிக்கொண்டு பூசினார். இறகால் இல்லை, விரலால். அன்று மெஸ்ஸுக்குச் சாப்பிட வரவில்லை. அந்தச் சமயத்தில்கூட நான் போய் டிராயரைத் திறக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் என் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

முதல் ஞாயிறு ரீல் ஓடியது. "கொஞ்சம் டைட்டா இருக்கு, புது கிரீஸ் செட் ஆகணும்" என்று மேனேஜரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரத்தில் அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம் வர ஆரம்பித்தது. அந்த ஞாயிறு புழு டப்பாவைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

கொள்ளிடத்தில் அன்றைக்கு நல்ல தண்ணீர். மேனேஜர் தொப்பி வைத்துக்கொண்டு மணலில் நின்றார். கொஞ்ச தூரத்தில் ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பத்து மணி வாக்கில் தூண்டில் வில்லாக வளைந்தது. சின்ன மீன் இல்லை, வாளை. ஒரு தடவை தண்ணீருக்கு மேலே வந்து முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனது. நான்கு வருடமாக மேனேஜர் எந்த மீனுக்காக அந்தக் கரையில் தவம் கிடந்தாரோ, அந்த மீன். கைப்பிடியைச் சுற்றினார். அரைச் சுற்று வந்தது. 'கர்ர்ர்' என்றது. நின்றது.

"சுத்த மாட்டேங்குதுய்யா! ஏய், சுத்த மாட்டேங்குது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் புழு டப்பாவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன். மீன் கிழக்கே போனது. மேனேஜரும் கழியோடு மணலில் கிழக்கே ஓடினார். மீன் திரும்பியது. அவரும் திரும்பினார். தொப்பி தண்ணீரில் போனது.

"ஐயா, நரம்பக் கையில சுத்திப் புடிங்க!" என்று எருமைக்காரர் யோசனை சொன்னார். மேனேஜர் சுற்றினார். நரம்பு உள்ளங்கையை அறுத்தது. அலறிக்கொண்டு இழுத்தார். நரம்பு அறுந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

எருமைக்காரர் நிதானமாக வந்து நின்றார். "மீனு உங்க இடுப்பு ஒசரம் இருக்குங்க" என்று ஆறுதல் சொன்னார். பிறகு ரீலைக் குனிந்து பார்த்து, "மூங்கிக் கழியா இருந்தா கரையேத்தியிருக்கலாம்" என்றார். திரும்பி வரும்போது ஜீப் டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை துருவாசருக்கு அழைப்பு வந்தது. துவைத்த காக்கிச் சட்டை, நெற்றியில் பட்டையாக விபூதி. மேஜையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் ரீல் பிரிந்து கிடந்தது. பித்தளைப் பல்சக்கரத்தில் பற்கள் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. அறுபட்ட கையில் கட்டோடு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் எழுதுவதற்கு நான்.

"என்னய்யா பண்ணினே என் ரீலை?"

"கிரீஸ் போட்டேன் சார்."

"எந்த கிரீஸ்?"

"நம்ம யார்டு டிரம்மு சார். விசிறிக்குப் போட்ட அதே டிரம்மு. இதுக்கு முந்தி போட்டதெல்லாம் என் சொந்த டப்பா. நீங்க ஃபேக்டரி கிரீஸுன்னு சொன்னீங்க. அதான் அதயே போட்டேன்."

மேனேஜர் செய்தித்தாளில் கிடந்த பல்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். துருவாசர் ஓரடி முன்னால் வந்தார்.

"ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சுப் பாருங்க சார். செல்லமுத்து வூட்டுல கெடக்கான். இந்த ரீல அவன் கண்ணாலகூடப் பாக்கல. போட்டது நான். கையிலதான் கோளாறுன்னா அது என் கை. அவன அனுப்பணும்னா என்னயும் சேத்து அனுப்புங்க."

மேனேஜர் அந்தச் சாம்பல் பசையைக் கட்டுப்போடாத கையால் தொட்டு இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்தார். நரநரவென்ற சத்தம் எனக்கே கேட்டது. வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை லேபுக்குக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார்.

போனேன். காலண்டரைத் தூக்கினேன். ஐந்து நிமிஷத்தில் காகிதத்தோடு திரும்பி வந்தேன்.

"அதுக்குள்ளயா?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. துருவாசர் பக்கத்தில் நின்றதால் ஒன்றும் வரவில்லை. "மூணு வாரத்துக்கு முன்னாடியே பண்ணிட்டேன் சார். பயந்துகிட்டு வெளிய காட்டல."

துருவாசர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கோபத்துக்கு நான் தயாராக நின்றேன். கோபம் வரவில்லை. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் இத்தனை வருடம் கழித்து இதை எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் செல்லமுத்து வேலைக்குத் திரும்பினார். இரண்டு மாதத்தில் நிரந்தரமும் ஆனார். கிரீஸ் டிரம்களுக்குக் கூரையும் மூடியும் வந்தன. திறந்த டிரம்மால் ஏற்படும் தீமைகளைத் தம் சொந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததாக மேனேஜர் ஒரு சர்க்குலர் அனுப்பினார். ஒருவகையில் உண்மைதான், அந்த ஆராய்ச்சியில் அவர் கை கிழிந்திருந்தது. எனக்கு புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. துருவாசருக்கு, அதிகாரியின் சொந்தப் பொருளைச் சேதப்படுத்தியதற்காக ஒரு மெமோ. அவர் அதை வாங்கி, படித்து, அதன் குண்டூசிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவர் அறை வாசலில் போய் நின்றேன். "அண்ணே" என்றேன்.

"அந்தப் பேப்பர எங்க வச்சிருந்த?"

"டிராயர்ல, காலண்டருக்கு அடியில."

"ஈரம் கீரம் படலியே?"

"இல்லண்ணே."

"அப்ப சரி. வா, உள்ள வந்து ஒக்காரு."

அவ்வளவுதான். என் வாழ்நாளில் என்னை இத்தனை சிக்கனமாக யாரும் மன்னித்ததில்லை.

உள்ளே அவர் மடியில் அந்த ரீல் இருந்தது. மேனேஜர் குப்பையில் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பற்கள் போன பல்சக்கரத்துக்கு மாற்று கிடைக்காது, அது இனி ஓடாது. ஆனாலும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் ஒற்றி, தேன் நிற கிரீஸை இறகால் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் அங்கே இருந்த இரண்டு வருடமும், மாதம் ஒரு சனிக்கிழமை, அது தவறவே இல்லை.

"ஓடாத சாமானுக்கு எதுக்குண்ணே கிரீஸு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஓடாதுன்னா? அது நமக்காக நின்னுச்சு தம்பி. நின்னுடுச்சுன்னு துருப்புடிக்க விட்டுடறதா?"

எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் ஏறிவந்து, என் டிரங்குப் பெட்டிப் பூட்டில் இறகால் தாராளமாகப் பூசி, டிக்கெட் எடுத்தவர்கள் கத்தக் கத்த மூன்று முறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அந்தப் பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. எதற்கும் உதவாது, தூக்கிப் போடுங்கள் என்கிறாள் என் மனைவி. எப்போதாவது இறக்கித் திறந்தால் பூட்டு சத்தமே இல்லாமல் திறக்கிறது, விரலில் லேசாகப் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. அதைத் துடைக்க எனக்கு மனம் வருவதில்லை.